கத்திக்குப் புல் வேறு, வாய்க்குப் புல் வேறு: செட்டிநாட்டு மேய்ச்சலுக்கு எந்தப் புல்?

தீவனப் புல்லைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது மகசூல் கணக்கு. கோ (பிஎன்) 5 என்னும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் வரை தரும். கொழுக்கட்டைப் புல்லோ 40 டன் பக்கம்தான். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, மேய்ச்சலுக்கு விட நினைத்த காட்டில் நேப்பியர் கரணையை ஊன்றுகிறவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர். ஆறு மாதத்தில் அங்கே நிற்பது மிதிபட்ட தட்டையும் பாதி செத்த தூருமாகத்தான் இருக்கும்.

360 டன் என்பது அரிவாளுக்குச் சொன்ன கணக்கு. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளைக்கு ஒருமுறை. ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் உரம், வாரம் ஒரு தண்ணீர், இடையில் எந்தக் கால்நடையும் உள்ளே கால் வைக்காத நிலம். இத்தனையும் இருந்தால்தான் அந்த எண். மேய்ச்சல் புல்லை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாடோ ஆடோ கடித்து, மிதித்து, சாணம் போட்டுவிட்டுப் போன பிறகு, அதே தூரிலிருந்து அந்தப் புல் எத்தனை நாளில் எழுந்து நிற்கும்? அதுவும் நம் மண்ணில், நம் மழையில்.

கடித்த புல் எப்படித் தழைக்கிறது

புல்லின் வளரும் முனை, அதாவது குருத்து, இலைப்பருவத்தில் தூரின் அடியிலேயே, தரையை ஒட்டி இருக்கும். மேலே நீண்டிருக்கும் இலையைக் கடித்தாலும் குருத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே குருத்து அடியிலிருந்து இலையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். புல் தண்டு விடத் தொடங்கியதும் கதை மாறுகிறது. குருத்து தண்டோடு மேலேறிவிடும். அந்த நேரத்தில் கடித்தால் குருத்தே போய்விடும். பிறகு தூரடியில் உறங்கும் பக்கமொட்டு விழித்து, புதுத் தூர் கட்டி வர வேண்டும். அதற்குக் கூடுதல் நாளாகும், வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த சத்தும் செலவாகும்.

நேப்பியர் ஒட்டு தடித்த தண்டு போட்டு ஆள் உயரத்துக்கு மேல் போவது. அதன் குருத்து சீக்கிரமே மேலேறிவிடும். அரிவாள் தரையை ஒட்டிச் சீராக அறுக்கும், எல்லாப் பக்கமொட்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். மாடு அப்படிச் செய்யாது. மேல் இலையை உருவிக்கொண்டு தண்டை முறித்துச் சாய்த்துவிட்டு நகரும். முறிந்த தண்டு நிழல் கட்டும், தூர் அழுகும். ஆகவே அறுத்துப் போட நேப்பியரை மிஞ்ச ஒன்றில்லை. மேய்ச்சலுக்கு அது வேண்டாம்.

கொழுக்கட்டையும் கினியாவும் தூர் கட்டும் இனம். இலைப்பருவம் முழுக்கக் குருத்தை அடியில் வைத்திருக்கும். அருகு இன்னும் கெட்டிக்காரப் புல். தரையோடு படரும் ஓடுதண்டிலும் மண்ணுக்குள் போகும் கிழங்குத்தண்டிலும் அதன் சேமிப்பு இருக்கிறது. ஆட்டுப்பல்லுக்கு அது முழுவதும் எட்டாது.

மேய்கிற வாயையும் பார்க்க வேண்டும். மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லைப் பிடித்துப் பறிக்கும். மிகக் குட்டையான புல்லில் அதற்கு வயிறு நிறையாது. செம்மறி இரண்டு உதட்டையும் பல்லையும் வைத்துத் தரையோடு கொறிக்கும். ஒரே இடத்தில் நான்கு நாள் விட்டால் தூரையே மொட்டையடித்துவிடும். வெள்ளாட்டுக்குப் புல் இரண்டாம் பட்சம், தலையைத் தூக்கித் தழை தேடும். புலிக்குளம் மாட்டுக்கு ஏற்ற காடும், ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறிக்கு ஏற்ற காடும் ஒரே புல்லாக இருந்தாலும், விடும் நாளும் எடுக்கும் நாளும் வேறு.

நம் மண்ணும் மழையும்

செட்டிநாட்டில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மி.மீ. அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை கொஞ்சம். தையிலிருந்து ஆனி வரை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே வானம் பார்த்த புல், ஐந்தாறு மாதம் சாகாமல் காய்ந்து கிடந்து, மழை கண்டதும் தூரிலிருந்து எழ வேண்டும்.

மண் ஒரே மாதிரி இல்லை. மேட்டில் செம்புரை மண்: அரை அடிக்குக் கீழே செம்பராங்கல், புளிப்புத் தன்மை, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) போட்டாலும் பயிருக்குத் தராமல் பூட்டி வைத்துக்கொள்ளும் குணம். கொஞ்சம் இறங்கினால் மணல் கலந்த செம்மண். கண்மாய் உள்வாயிலும் அதன் ஓரத்திலும் களி. மூன்று நான்கு மாதம் தண்ணீர் நிற்கும். நான்காவது தென்னந்தோப்பு, மாந்தோப்பு நிழல். இந்த நான்குக்கும் ஒரே புல்லைத் தேடுவதுதான் முதல் தவறு. தைலமரக் காட்டின் அடியில் புல் வளர்க்கலாமா என்றும் கேட்பார்கள். ஈரத்தை மரமே குடித்துவிடும், விழும் சருகும் புல்லை வரவிடாது. அங்கே விதைக்குச் செலவு செய்வது வீண்.

கொழுக்கட்டைப் புல்

வறட்சிக்கு இதை மிஞ்சிய மேய்ச்சல் புல் நம் பக்கத்தில் கிடையாது. வேர் ஆழமாக இறங்கும், அடித்தூர் பருத்துச் சத்தைச் சேர்த்து வைக்கும், மிதியைத் தாங்கும். காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் காடுகள் இந்தப் புல்லை நம்பித்தான் நிற்கின்றன: சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டை. நம்மைவிட மழை குறைந்த ஊர் அது. அப்படியானால் இங்கே இன்னும் நன்றாக வர வேண்டும் அல்லவா? வராது, பல இடங்களில். காரணம் மண். கொங்கு மண்ணில் சுண்ணாம்புச் சத்து உண்டு. கொழுக்கட்டை கார அமில நிலை (pH) 7, 8 உள்ள மண்ணில்தான் செழிக்கும். 5.5-க்குக் கீழே போன புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். நாற்று முளைத்து நாலு விரல் உயரத்தில் மஞ்சளித்து நின்றுவிட்டால், தண்ணீர் போதவில்லை என்று நினைக்க வேண்டாம். மண்ணைச் சோதித்துப் பாருங்கள். ஒரு கிலோ மண் மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் விதைச் செலவு முழுவதும் மிஞ்சும்.

தண்ணீர் தேங்கினாலும் இது போய்விடும். நெல் வயலாக இருந்த பள்ளத்தில் போடக் கூடாது. மணல் கலந்த செம்மண் மேடுதான் இதற்கு இடம். நீலக் கொழுக்கட்டை கோ 1 என்ற ரகம் விதையாகக் கிடைக்கிறது. ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ.

இந்த விதையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. புதிதாக உருவிய விதைக்கு உறக்கம் உண்டு. ஆறு முதல் எட்டு மாதம் கழித்துத்தான் ஒழுங்காக முளைக்கும். போன தையில் உருவிய விதையை இந்தப் புரட்டாசியில் விதைப்பது சரி. ‘நேற்றுத்தான் உருவினோம், புத்தம் புதுசு’ என்று யாராவது தந்தால் வாங்கி மூட்டை கட்டி வையுங்கள், அடுத்த பருவத்துக்கு ஆகும்.

கினியாப் புல்

சுவைக்கும் இலைக்கும் கினியா முதலிடம். நிழலை நன்றாகத் தாங்கும் பெரிய புல் என்பதால் தென்னந்தோப்புக்கு ஏற்றது. ஆனால் பசி கூடிய புல்: தொழு உரமும் தழைச்சத்தும் இல்லாத செம்புரையில் இரண்டாம் ஆண்டே மெலிந்துவிடும். ஐந்தாறு மாத வறட்சியை வெறும் மேட்டில் தாங்குவதும் கடினம். பள்ளத்துத் தண்ணீரும் ஆகாது.

வேர் விட்ட கரணையாக நட்டால் 50-க்கு 30 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 கரணை வேண்டும். விதையாக என்றால் ஒரு கிலோ போதும், ஆனால் விதை நாற்று களையோடு போராடும். சின்ன இடத்துக்குக் கரணையே நல்லது. இரண்டடி உயரம் வந்ததும் மாட்டை விட்டு, முக்கால் அடியில் எடுத்துவிட வேண்டும். விட்டால் மளமளவென்று தண்டேறி விறகாகிவிடும். பிறகு மாடு இலையை மட்டும் உருவிவிட்டுத் தண்டை விட்டுவிடும். செம்மறி உயர்ந்த கினியாவுக்குள் நுழைந்து மேய்வதைவிட மிதிப்பதுதான் அதிகம். அதனால் மாட்டை முதலில் விட்டு, புல் தணிந்த பின் ஆட்டை இரண்டு நாள் விடலாம்.

அருகு, எருமைப்புல், காட்டில் தானாக வருபவை

அருகம்புல்லை யாரும் மேய்ச்சல் புல்லாக மதிப்பதில்லை. எடை குறைவு என்பது உண்மைதான். ஆனால் வீட்டுப் பக்கத்தில் நாலு செம்மறியை நாள் முழுக்க விடும் இடத்தில், வேறு எது போட்டாலும் ஆறு மாதத்தில் கட்டாந்தரையாகிவிடும். அருகு மட்டும் நிற்கும். ஓடுதண்டை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, ஈரமண்ணில் ஒரு அடிக்கு ஒன்றாக அமுக்கி வைத்தால் போதும். பக்கத்தில் நஞ்சை இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். வயலுக்குள் போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு.

எருமைப்புல் தண்ணீர் தேங்கும் களிக்கு உரியது. கணுத்தண்டை வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், முழங்கால் தண்ணீரிலும் வளரும். சொந்தப் பள்ளத்தில், சாக்கடைத் தண்ணீர் பாயும் இடத்தில் மாட்டுக்கும் எருமைக்கும் போடலாம். ஆனால் கண்மாய் வரத்துக்கால் ஓரத்திலும் ஊருணிக் கரையிலும் இதை நடவே கூடாது. படர்ந்து வாய்க்காலை அடைத்துவிடும். ஒரு கண்மாய் நிறைந்து அடுத்ததற்குப் போகும் சங்கிலி இந்தப் பக்கத்து நீர். நடுவில் ஒரு வரத்துக்கால் அடைபட்டால் கீழே உள்ள ஊர் முழுக்கக் காயும்.

இயற்கையாக வரும் புற்களையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். மயில்கொண்டைப் புல், காக்காய்க்கால் புல் இரண்டும் மழைக்காலத்தில் நன்றாக மேயப்படும், காய்ந்ததும் போய்விடும். ஊசிப்புல் இளசாக இருக்கையில் மாடு மேயும். கதிர் முற்றியதும் அதன் ஊசி ஆட்டு ரோமத்தில் ஏறித் தோலைத் துளைக்கும், வாயில் குத்திப் புண்ணாக்கும். ஒரு காட்டில் ஊசிப்புல்லும் துடைப்பப்புல்லும் மட்டும் மண்டிக் கிடந்தால், அந்த நிலம் அளவுக்கு மீறி மேயப்பட்டிருக்கிறது என்று பொருள். நல்ல புல்லை ஆடு தின்று தீர்த்துவிட்டது, தின்னாதது பெருகிவிட்டது.

முயல் மசாலைச் சேர்க்காமல் கணக்கு முடியாது

வெப்பமண்டலப் புல் எதுவானாலும் ஒரே குறை: வேகமாக வளரும், வேகமாக முற்றும். வெயிலும் சூடும் ஏற ஏற நார் கூடிக்கொண்டே போகும். இளம் கொழுக்கட்டையில் உலர் எடையில் 8 முதல் 10 விழுக்காடு புரதம் இருக்கும். கதிர் உதிர்ந்து காய்ந்ததும் 3 முதல் 5 ஆகிவிடும். தீனியில் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இரைப்பையில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து போதாது. செரிப்பது மந்தமாகி, மாடு தின்னும் அளவே குறைந்துவிடும். மாசி, பங்குனியில் காடு நிறையக் காய்ந்த புல் நிற்க, மாடு எலும்பும் தோலுமாகத் திரிவதன் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து பயறுவகைச் செடி. செட்டிநாட்டுச் செம்புரைக்கு முயல் மசால் போலப் பொருந்துவது வேறில்லை. புளிப்பு மண்ணையும் மணிச்சத்துக் குறைவையும் தாங்கும், தன் தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், விதை உதிர்ந்து தானே முளைக்கும். புரதம் 12 முதல் 16 விழுக்காடு. இன்னொரு குணம் இதைவிடப் பெரிது: மழைக்காலத்தில் பச்சைப்புல் இருக்கும்வரை மாடு இதை அவ்வளவாகத் தொடாது, புல் முற்றத் தொடங்கியதும் தேடித் தின்னும். அதாவது, மார்கழிக்குப் பிறகு வேண்டிய புரதத்தைக் கால்நடையே ஒதுக்கி வைத்துவிடுகிறது.

புளிப்பு மிகுந்த மேட்டில் கொழுக்கட்டையை விட்டுவிட்டு முயல் மசாலை மட்டும் போட்டு, தானாக வரும் புல்லோடு விடுவதே புத்திசாலித்தனம். கொழுக்கட்டை வரும் மண்ணில் மூன்று வரி புல், ஒரு வரி முயல் மசால்.

விதைப்பு

காலம்: ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடியும்வரை. ஆனி, ஆடியில் ஒரு இடிமழையை நம்பி விதைத்தால் முளைத்த நாற்று அடுத்த இருபது நாள் வெயிலில் கருகும். கார்த்திகை வரை தள்ளினால் மண் சேறாகிச் சிறு விதை மூடிக்கொள்ளும். தப்பி முளைத்தாலும் வேர் இறங்குமுன் மழை நின்றுவிடும்.

இரண்டு உழவு, ஏக்கருக்கு 2 டன் தொழு உரம். வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் ஆண்டில் கண்மாய் வண்டலைச் செம்புரையில் பரப்பினால் ஈரம் நிற்கும் நாள் கூடும். ஆட்டுக்கிடை போட ஆள் கிடைத்தால் உழவுக்கு முன் போடுவது எல்லாவற்றையும்விட மலிவு. முயல் மசால் வரிக்கு மணிச்சத்து முக்கியம்: முழுக்க முயல் மசால் போடும் ஏக்கருக்கு 150 கிலோ சூப்பர் பாஸ்பேட், கலப்பாகப் போட்டால் அந்த வரிகளின் அளவுக்கு. தூவிவிடாமல் வரியிலேயே வைக்க வேண்டும். மண் பூட்டி வைக்கும் அளவு குறையும்.

முயல் மசால் விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் நூற்றில் கொஞ்சம்தான் முளைக்கும். 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், தளதளவென்று கொதித்த தண்ணீர் மூன்று பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். விதையைத் துணியில் கட்டி முக்கி, நான்கு நிமிடத்தில் எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். கைப்பேசியில் மணியடிக்க வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மறந்தால் விதை வெந்துவிடும். ஏக்கர் முழுக்க வரியில் போட 2.5 கிலோ, தூவ 4 கிலோ. கலப்பில் போட்டால் அதில் கால்பங்கு.

கொழுக்கட்டை விதை பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும், காற்றில் பறக்கும். நாலைந்து பங்கு ஈர மணலோடு பிசைந்தால் கைக்கு வரும். அரை மீட்டருக்கு ஒரு சால் கீறி, மேலாகத் தூவி, முள்கொப்பை ஒருமுறை இழுத்தால் போதும். ஒரு செ.மீ.-க்கு மேல் மண் மூடினால் வராது. கலப்பைச் சாலில் போட்டு மூடியதால் முளைக்காமல் போன காடுகள்தான் அதிகம், ஆனால் பழி விதைக் கடைக்காரர் மேல் விழும். அடுத்த எதிரி எறும்பு. செம்புரைக் காட்டில் மழை தள்ளிப்போனால் இரண்டு நாளில் விதையை வாரிக்கொண்டு போய்விடும். களிமண்ணும் சாணமும் கலந்து விதையைச் சிறு உருண்டையாக்கிப் போட்டால் எறும்பும் தூக்காது, காற்றும் அடிக்காது.

முதல் ஆண்டு அவசரப்படக் கூடாது. 70, 75 நாளில் புல் முழங்காலுக்கு மேல் வந்துவிடும், கை அரிக்கும். ஒரு தூரைக் கைநிறையப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் மாட்டை விடலாம். தூர் வேரோடு பெயர்ந்தால் இன்னும் காலம் வேண்டும். எப்படியானாலும் முதல் சுற்றை அரிவாளால் அரையடி விட்டு அறுத்துப் போடுவதும், விதை உதிர்ந்த பிறகு மேய்ச்சலுக்குத் திறப்பதும் நல்லது. அந்த விதைதான் இடைவெளியை நிரப்பும்.

எத்தனை உருப்படி, எத்தனை நாள்

மூங்கில் சிம்பால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்யுங்கள். காட்டில் ஐந்து இடத்தில், நல்லதும் மோசமுமாக, கண்ணை மூடி எறியுங்கள். சட்டத்துக்குள் உள்ள புல்லை தரையிலிருந்து அரையடி விட்டு அறுத்து நிறுத்துச் சராசரி பாருங்கள். 600 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, ஏறத்தாழ 2,400 கிலோ பச்சை. இதில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மீதி மிதிபடும், சாணம் படும், மறுதழைவுக்கு நிற்கும். கையில் இருப்பது 1,200 கிலோ.

முப்பது கிலோ செம்மறி ஒரு நாளைக்கு 4 கிலோ பச்சை தின்னும். 12 ஆடு என்றால் 48 கிலோ. 25 நாள் தாங்கும். 300 கிலோ மாட்டுக்கு 25 முதல் 30 கிலோ. ஒரு மாடு 40 நாள். மழைக்காலத்தில் மூன்று நான்கு சுற்று கிடைத்தால் அந்த ஏக்கர் 12 ஆட்டை 75 முதல் 100 நாள் காப்பாற்றும். ஆண்டு முழுக்கக் காப்பாற்றாது. ‘ஏக்கருக்கு இருபது ஆடு’ என்று விளம்பரத்தில் சொல்பவர் வெளியிலிருந்து வாங்கும் தீவனத்தைச் சொல்லாமல் விட்டிருப்பார்.

அந்த ஏக்கரை ஆறு பட்டியாகப் பிரித்து, ஒரு பட்டியில் ஐந்து நாள் வீதம் மாற்றினால், ஒவ்வொன்றுக்கும் 25 நாள் ஓய்வு. மழையில் அது போதும். தை, மாசியில் 45 முதல் 60 நாள் தேவைப்படும். ஐந்து நாளுக்கு இரண்டு காரணம் உண்டு. கடித்த தூரில் புது இலை அந்த நாளில் எட்டிப் பார்க்கும்; ஆடு இன்னும் அங்கேயே இருந்தால் அந்த இளசைத்தான் முதலில் கடிக்கும், இரண்டாம் கடியில் தூர் நொடிந்துவிடும். மற்றது புழு: புழுக்கையில் விழுந்த குடற்புழு முட்டை ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்து புல்லில் ஏறும். அதற்குள் ஆடு வேறு பட்டிக்குப் போய்விட வேண்டும். 25 நாள் ஓய்வில் அந்தப் புழு முழுவதும் செத்துவிடாது என்பதால் புழுமருந்தை நிறுத்திவிடக் கூடாது. கொழுக்கட்டையை அரையடி உயரத்துக்குக் கீழே மேயவிடவும் கூடாது. அடித்தண்டில்தான் அதன் கையிருப்பு.

வேலிக்குக் கம்பி வாங்க முடியாதவர்கள் சுற்றிலும் கிளுவைக் குச்சி ஊன்றலாம். உள்பட்டிகளுக்கு மீன்வலை போதும். வெள்ளாட்டுக்கு மட்டும் போதாது.

மழைக்காலத்துச் சாவுகள்

புல் நன்றாக வந்த ஆண்டில்தான் ஆடு திடீரென்று சாகும். காய்ந்ததைத் தின்றுகொண்டிருந்த செம்மறி புதுமழைப் பச்சையை ஒரே நாளில் வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய் வரும். நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் விழும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். முதல் வாரம் காலையில் கொஞ்சம் வைக்கோலோ கடலைக்கொடியோ கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் மட்டும் பச்சையில் விட்டு, நாளுக்கு நாள் கூட்டுங்கள். பனி காயாமல் பட்டியைத் திறக்க வேண்டாம்: ஈரப் புல்லின் நுனியில்தான் புழு ஏறி நிற்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் சரி.

கண்மாய் ஓரத்து எருமைப்புல்லில் செம்மறியை விடுவது தட்டைப்புழுவை விலைக்கு வாங்குவது போல. தண்ணீர் நத்தையிலிருந்து வரும் அந்தப் புழு புல்லில் ஒட்டி வயிற்றுக்குள் போய் ஈரலைத் தின்னும். மாதக்கணக்கில் கழித்து தாடைக்குக் கீழே நீர் கோத்து ஆடு படுத்துவிடும். அந்தப் புல்லை எருமைக்கும் மாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் ஆண்டில் இருமுறை கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள்.

தீவனச்சோளத்தைப் புல்லோடு சேர்த்து மேய்ச்சலுக்கு விடக் கூடாது. இளம்பயிரிலும் வெயிலில் வாடி மறுபடி துளிர்க்கும் கட்டையிலும் சயனைடு விஷம் இருக்கும்; அரைமணி நேரத்தில் மாடு விழுந்துவிடும். பூ வந்த பின் அறுத்துப் போடலாம். நேப்பியர் ஒட்டை மட்டுமே மாதக்கணக்கில் போட்டாலும் வேறொரு சிக்கல்: அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கறவை மாட்டுக்கு வைக்கோலும் பயறுவகைத் தழையும் தாது உப்பும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

பங்குனிக்கு மேல்

மார்கழி நடுவில் ஒன்றிரண்டு பட்டியை அடைத்துவிட்டு, முயல் மசால் பூ நிலையில் இருக்கும்போது, புல்லோடு சேர்த்து அறுத்து நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்துக் கட்டினால் கோடைக்குக் காய்புல் ஆகும். முயல் மசால் இலை காய்ந்ததும் உதிரும். உச்சிவெயிலில் புரட்டாமல் காலை ஈரப்பதத்தில் புரட்டிக் கட்டுங்கள். இலை போனால் மிஞ்சுவது குச்சி.

அறுக்க ஆள் இல்லாவிட்டால் அப்படியே நிற்கவிட்டுப் பங்குனியில் திறக்கலாம். தரம் குறைவுதான், அதோடு கருவேலங்காய், வெள்வேலங்காய், வேலியோரச் சவுண்டல் (சுபாபுல்) தழை ஆகியவை சேர்ந்தால் ஆடு தாக்குப்பிடிக்கும். சவுண்டல் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சீமைக்கருவேல் நெற்று ஆட்டுக்குப் பிடிக்கும், ஆனால் விதை புழுக்கையோடு விழுந்து புல் நிலத்தில் முளைக்கும். நெற்றைப் பொறுக்கி இடித்துப் போடுங்கள். அதையும் மீறி முளைத்த கன்றை அடுத்த ஐப்பசி மழையில், மண் இளகியிருக்கும்போது, வேரோடு பிடுங்கிவிடலாம். இரண்டு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும்.